பிஸ்பி மெயின் ஸ்ட்ரீட்: முட்டிவலி அப்பா, 4 வயதுக் குழந்தையோடு ஒரு நாளில் பார்க்க முடியுமா?

சாண்ட்லர்வாசி கேட்டது:

அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பழைய தாமிரச் சுரங்க ஊரான பிஸ்பிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பீனிக்ஸ் பக்கத்து சாண்ட்லரிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை எல்லோருக்கும் தோதுப்படுகிறது.

வருபவர்கள்: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (70, வலது முட்டி தேய்மானம், சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், படி ஏறினால் வலி), அம்மா (65), 7 வயதுப் பையன், 4 வயதுப் பெண், நாங்கள் இருவர். எல்லோரும் சைவம், முட்டை மட்டும் உண்டு.

1. சுரங்கத்துக்குள் ரயிலில் கூட்டிப்போகிறார்களாமே, எல்லோரும் போகலாமா?
2. மெயின் ஸ்ட்ரீட் வெறும் கடைத்தெரு, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். அதற்காக ஆறு மணி நேரம் வண்டி ஓட்டுவது தகுமா?
3. வண்டியை எங்கே விடுவது?
4. போகிற வழியில் டூம்ஸ்டோனையும் பார்த்துவிடலாமா?
5. அப்பா அம்மா விசிட்டர் விசாவில் இருக்கிறார்கள். எல்லைக்குப் பக்கம் என்பதால் ஏதாவது காகிதம் தேவையா?

---

தாமிரமலை:

முதல் வேலையா தேதியை மாத்துங்க. அக்டோபர் மூணாவது சனிக்கிழமைதான் வழக்கமா "பிஸ்பி 1000" படிக்கட்டு ஓட்டம் நடக்கும். ஊர்ல இருக்கிற ஒன்பது பெரிய படிக்கட்டுகளைக் கோத்து, நாலரை மைலுக்கு ஆயிரத்துச் சொச்சம் படி ஏறுற பந்தயம். அன்னிக்கு ஊருக்குள்ள வண்டி நிறுத்த இடமே இருக்காது. ஓடுறவங்களுக்கு அது திருவிழா. முட்டிவலிக்காரரைக் கூட்டிட்டுப் போற நாள் அது இல்லை.

செவ்வாய், புதன் கிழமையும் வேண்டாம். மெயின் ஸ்ட்ரீட் கடைகள்ல பல அந்த ரெண்டு நாள்தான் பூட்டிக் கிடக்கும். வியாழன் அல்லது வெள்ளி போனா கடையும் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு.

அடுத்தது சுரங்கம். குவீன் மைன் டூரை நகராட்சியே நடத்துது, 1976-லருந்து. இதுக்கு முன்பதிவு அவசியம். நேரா போய் டிக்கெட் கேட்டா, நல்ல பருவத்துல அடுத்த ரெண்டு சுற்றும் நிறைஞ்சிருக்கும். உங்க வீட்டுக்குப் பொருந்துற விஷயங்கள் இவை.

ஆறு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. பையன் போகலாம், சின்னவள் போக முடியாது. அதனால பெரியவங்க ஒருத்தர் வெளியே இருந்தே ஆகணும். யார் இருக்கிறதுன்னு வீட்டுலயே பேசி முடிவு பண்ணிட்டு, அதுக்கேத்த மாதிரி டிக்கெட் எடுங்க. கவுன்ட்டர்ல போய் நின்னுக்கிட்டு முடிவு பண்ணாதீங்க.

ரயில்னு சொன்னாலும் பெட்டி கிடையாது. நீளமான பலகை மாதிரி இருக்கும், அதுல குதிரை மேல உட்கார்ற மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டு வரிசையா உட்காரணும். அப்பா ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடணும். ஸ்கூட்டர் பின் சீட்டுல ஏறி உட்கார முடிஞ்சா இதுலயும் முடியும். அம்மா புடவை கட்டிட்டு வந்தா சிரமம், சுடிதார் நல்லது.

உள்ளே ஏறக்குறைய 1,500 அடி தூரம் போவாங்க. வருஷம் முழுக்க 47 டிகிரி பாரன்ஹீட், அதாவது 8 டிகிரி செல்சியஸ்தான். வெளியே 85 அடிக்குதுன்னு அரைக்கை சட்டையோட போறவங்கதான் நடுங்கிட்டு வருவாங்க. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், பெரியவங்களுக்குக் காதை மூடுற மாதிரி ஏதாவது எடுத்துக்குங்க. ஹெல்மெட், தலைவிளக்கு, மேலாடை எல்லாம் அவங்களே தருவாங்க. மூடின செருப்பு போடுங்க. தரை ஈரமா, தண்டவாளத்தோட மேடு பள்ளமா இருக்கும்.

மொத்தம் ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும். அதுக்கு முன்னாடி தலைவிளக்கு மாட்ட நேரம் எடுக்கும், அதனால அரை மணி முன்னாடியே போயிருங்க. நடுவுல ஓர் இடத்துல மரப்படியேறி, தாது வெட்டியெடுத்த பெரிய குடைவைக் காட்டுவாங்க. அப்பாவுக்கு அது வேண்டாம். படி ஏற முடியாதுன்னு ஏறுறதுக்கு முன்னாடியே வழிகாட்டிகிட்ட சொல்லிடுங்க.

வழி: ஐ-10-ல் கிழக்கே போய் பென்சன்ல 303-ம் எண் வெளிவழி. அங்கிருந்து 80-ம் நெடுஞ்சாலை தெற்கே, செயின்ட் டேவிட், டூம்ஸ்டோன் வழியா பிஸ்பி. சாண்ட்லர்லருந்து சுமார் 195 மைல். நிக்காம போனா மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. கழிப்பறைக்கும் காபிக்கும் சேர்த்து மூணரைன்னு வெச்சுக்குங்க. பெட்ரோலை பென்சன்லயே நிரப்பிடுங்க, பழைய பிஸ்பிக்குள்ள பங்க்கைத் தேடி அலைய வேண்டாம்.

பிஸ்பிக்குச் சற்று முன்னாடி மலையைக் குடைஞ்ச சுரங்கப்பாதை வரும் (1958-ல் திறந்தது, கால் மைலுக்கு மேல நீளம்). அதைத் தாண்டின உடனே வர்ற முதல் பிரிவுல இறங்கினா டூம்ஸ்டோன் கேன்யன் சாலை. அழகான சாலைதான், ஆனா குறுகல், வீட்டு வாசல் எல்லாம் ரோட்டு மேலயே இருக்கும். சுரங்கத்துக்கு நேரம் ஆயிடுச்சுன்னா அதுல இறங்காதீங்க. நெடுஞ்சாலையிலேயே தொடர்ந்து கீழே வந்து, குவீன் மைன் பலகை பார்த்து இறங்குங்க.

---

செங்கல்சுவர்:

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கடைகளை மட்டும் பார்த்தால் ஒரு மணி நேரம்தான். கட்டடங்களைப் பார்க்கத் தெரிந்தால் அரை நாள் போதாது. அந்தத் தெரு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடங்கள்.

பிஸ்பி 1880-ல் உருவான ஊர். மலைகளுக்கு நடுவே இரண்டு குறுகிய பள்ளத்தாக்குகள் சந்திக்கும் இடம். மெயின் ஸ்ட்ரீட் ஒரு பள்ளத்தின் அடியில் ஓடுகிறது, ப்ரூவரி கல்ச் மற்றொன்றில். அதாவது மழைத் தண்ணீர் ஓடவேண்டிய வாய்க்காலில்தான் கடைத்தெருவைக் கட்டியிருக்கிறார்கள். வேறு சமதரை அங்கே கிடையாது. சுற்று மலைகளில் இருந்த மரங்களை விறகுக்கும் உருக்காலைக்கும் வெட்டித் தீர்த்தார்கள். உருக்காலையின் கந்தகப் புகையில் மிச்சச் செடிகொடிகளும் பட்டுப்போயின. மொட்டை மலையில் பெய்த மழை அப்படியே தெருவுக்கு இறங்கியது. உருக்காலை 1900-களின் தொடக்கத்தில் டக்ளஸ் நகருக்குப் போனதற்குப் பிறகுதான் மலையில் பச்சை திரும்பியது. இப்போது தெருவுக்கு அடியில் வெள்ளநீர்க் கால்வாய் ஓடுகிறது. மெயின் ஸ்ட்ரீட்டில் நின்று சுற்றும் பாருங்கள், இரண்டு பக்கச் சரிவும் உங்கள் காலடிக்குத்தான் வந்து சேரும்.

அடுத்தது நெருப்பு. 1908 அக்டோபரில் மூண்ட தீயில் கடைத்தெருவின் பெரும்பகுதி சாம்பலானது. அதுவரை நெருக்கியடித்து நின்றவை பெரும்பாலும் மரக்கட்டடங்கள். இரண்டே ஆண்டில், 1910-க்குள், செங்கல்லில் திரும்பக் கட்டினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் தெரு பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுகளின் வேலை. ஒரே உயரம், ஒரே மாதிரிச் செங்கல், ஒரே காலத்துக் கொடுங்கை. அதனால்தான் அந்தத் தெருவுக்கு ஒரே முகம் இருக்கிறது. தலையைத் தூக்கி முதல் மாடியைப் பாருங்கள். கீழே கடைமுகப்பு பல முறை மாறியிருக்கும், மேலே சன்னல் வளைவுகள் அப்படியே இருக்கும்.

விடாமல் பார்க்கவேண்டியவை:

அருங்காட்சியகம். 1890-களில் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் சுரங்க நிறுவனம் தலைமை அலுவலகமாகக் கட்டிய செங்கல் கட்டடம், காப்பர் குவீன் பிளாசாவில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனோடு இணைந்தது. ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

மெயின் ஸ்ட்ரீட் 6-ம் எண்: கீழே அஞ்சலகம், மேலே காப்பர் குவீன் நூலகம். நூலகம் 1882-ல் தொடங்கியது, கட்டடம் 1907-ஐச் சேர்ந்தது. பழைய பிஸ்பியில் வீடுகள் படிக்கட்டுகளின் மேல் தொங்குவதால் தபால்காரர் வீடு வீடாகப் போவதில்லை. ஊரே இங்கு வந்துதான் கடிதம் எடுத்துப்போகும். காலையில் பத்து நிமிடம் அந்த வாசலில் நின்றால் ஊர்க்காரர்களைப் பார்க்கலாம்.

ப்ரூவரி கல்ச்சில் 1905-ல் கட்டிய முகைம் கட்டடம். ஒருகாலத்தில் பங்குச்சந்தை நடந்த இடம், விலை எழுதிய பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. தாமிரத்தின் விலையில் ஊரே மூச்சுவிட்ட காலத்தின் சாட்சி அது. இப்போது அது மதுக்கூடம் என்பதால் குழந்தைகளோடு போகும்போது வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பர் குவீன் ஹோட்டல், 1902. சுரங்கத்துக்கு முதலீட்டாளர்களும் அதிகாரிகளும் வந்தால் தங்க நிறுவனமே கட்டியது. முன்புறத் திண்ணை அப்பா உட்கார ஏற்ற இடம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1917 ஜூலை 12. வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களையும் அவர்களுக்கு ஆதரவாக நின்றவர்களையும் ஷெரிஃபின் ஆட்கள் விடியற்காலையில் துப்பாக்கி முனையில் வீடுகளிலிருந்து இழுத்து வந்தார்கள். வாரன் பேஸ்பால் மைதானத்தில் அடைத்தார்கள். ஏறக்குறைய 1,200 பேரை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களில் மெக்சிகோக்காரர்களும் கிழக்கு ஐரோப்பியர்களும் ஏராளம். அந்தச் செங்கல் தெருவின் அழகைப் படம் பிடிப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டு பிடிக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் படங்கள் இருக்கின்றன. மைதானம் இன்னும் இருக்கிறது, 1909-ல் கட்டியது, வண்டியில் பத்து நிமிடத் தூரம்.

---

படிவழி:

மேலே சொன்ன இரண்டும் சரி. முட்டிவலி விஷயத்தை மட்டும் இன்னும் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் தப்பு நடப்பது அங்கேதான்.

மெயின் ஸ்ட்ரீட் சமதரை இல்லை. அருங்காட்சியகத்திலிருந்து மேற்கே போகப்போக ஏற்றம். பெரும்பாலானோர் கீழே வண்டியை விட்டு, மேலே ஏறி, களைத்துப்போய்ப் பாதியில் திரும்புவார்கள். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அப்பா அம்மாவை காசில் ராக் என்ற பெரிய பாறைக்குப் பக்கத்தில் இறக்கிவிடுங்கள். மெயின் ஸ்ட்ரீட் முடிந்து டூம்ஸ்டோன் கேன்யன் சாலை தொடங்கும் பக்கம் அது. அவர்கள் இறக்கத்தில் மெதுவாகக் கடை பார்த்துக்கொண்டு வரட்டும். ஓட்டுபவர் கீழே போய் வண்டியை விட்டுவிட்டு எதிரே நடந்து வரலாம். முட்டித் தேய்மானம் உள்ள சிலருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலிக்கும். அப்பா அந்த வகை என்றால் கைத்தடி கட்டாயம். அதுவும் ஒத்துவராது என்றால் கோல்ஃப் வண்டியில் ஊர் சுற்றிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டிப் பேசிவையுங்கள்.

நடைபாதையின் விளிம்பு பல இடங்களில் உயரம், கடை வாசல்களிலும் ஒன்றிரண்டு படி இருக்கும். நூறு வருஷக் கட்டடங்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் அடிக்கடி தூக்க வேண்டிவரும். சின்னவளுக்கு முதுகில் சுமக்கும் பை இருந்தால் அதை எடுங்கள்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,300 அடி. ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம். சாண்ட்லர் 1,200 அடிதான். மூன்று மணி நேரத்தில் நாலாயிரம் அடி ஏறிவிடுகிறீர்கள். சாதாரண உடம்புக்கு ஒன்றும் செய்யாது. இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் முதல் ஒரு மணி நேரம் மெதுவாக நடப்பது நல்லது. தண்ணீர் நிறைய குடிக்கவேண்டும்.

படிக்கட்டுகளில் ஏறாவிட்டாலும் ஒன்றின் அடியிலாவது நின்று பாருங்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அரசு வேலைத்திட்டத்தின் கீழ் கட்டிய கான்கிரீட் படிகள் இவை. அந்தத் திட்டத்தின் WPA என்ற மூன்றெழுத்து முத்திரையைச் சில இடங்களில் கான்கிரீட்டிலேயே அழுத்தியிருப்பார்கள். பையனைத் தேடச் சொல்லுங்கள், தூசியைக் கையால் தட்டினால் எழுத்து தெரியும். அதற்கு முன்பு அந்தச் சரிவுகளில் கழுதைகள்தான் தண்ணீரும் விறகும் ஏற்றிப்போயின.

வண்டி நிறுத்த: சுரங்கச் சுற்றுலா இடத்திலேயே பெரிய நிறுத்தம் உண்டு. சுரங்கம் முடித்ததும் சாமானெல்லாம் வண்டியில் வைத்துவிட்டு அங்கிருந்தே அருங்காட்சியகத்துக்கு நடக்கலாம், நடக்க முடிந்தவர்களுக்கு ஐந்து பத்து நிமிடம். தெருவோரத்தில் நிறுத்தினால் ஒவ்வொரு இடத்திலும் உள்ள பலகையைப் படியுங்கள். குடியிருப்போருக்கு ஒதுக்கிய இடங்களும் நேரக் கட்டுப்பாடும் கலந்து கிடக்கும்.

---

எல்லைப்புறம்:

நாலாவது, அஞ்சாவது கேள்விக்கு மட்டும்.

காகிதம்: திரும்பி வரும்போது டூம்ஸ்டோனுக்கு வடக்கே 80-ம் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச்சாவடி இருக்கும். வடக்கு நோக்கி வரும் வண்டிகளை மட்டும் நிறுத்துவாங்க. சியரா விஸ்டா வழியா 90-ல் வந்தாலும் ஒண்ணு உண்டு. மெக்சிகோவுக்குள்ள போகலையே, நமக்கு என்னன்னு நினைச்சு பாஸ்போர்ட்டை வீட்டுப் பீரோவில் வெச்சுட்டு வந்துடாதீங்க. குடிமக்கள் அல்லாத, 18 வயசு நிரம்பினவங்க பதிவு ஆவணத்தைக் கையிலேயே வெச்சிருக்கணும்னு சட்டம். அப்பா அம்மாவுக்கு அசல் பாஸ்போர்ட், விசா பக்கம், ஐ-94 (நாட்டுக்குள்ள நுழைஞ்ச பதிவு) அச்சுப் பிரதி. வேலை விசாவில் இருக்கிறவங்களுக்கும் அதேதான், கூடவே ஒப்புதல் நோட்டீஸ் நகல். கிரீன் கார்டு இருந்தா கார்டு. ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. ஒரே கவர்ல போட்டு, முன் சீட்டுல கைக்கு எட்டுற மாதிரி வையுங்க, டிக்கியில் போடாதீங்க. கேட்கிற கேள்வி ஒண்ணு ரெண்டுதான், ஒரு நிமிஷத்துல அனுப்பிடுவாங்க.

டூம்ஸ்டோன்: பிஸ்பிக்கு 24 மைல் முன்னாடி, வழியிலேயே இருக்கு. ஆனா ஒரே நாள்ல ரெண்டையும் பார்க்கணும்னு இழுத்தா ரெண்டும் கெடும். அங்கே துப்பாக்கிச் சண்டை நாடகம், குதிரை வண்டி, வேஷம் போட்ட ஆளுங்கன்னு எல்லாமே பயணிகளுக்காக நடக்குது. பிஸ்பி அப்படி இல்லை, ஐயாயிரத்துக்கும் குறைவான ஜனம் இன்னும் வாழ்ந்துக்கிட்டிருக்கிற ஊர். உங்க குடும்பத்துக்கு பிஸ்பி போதும். திரும்பும்போது டூம்ஸ்டோன் பிரதான தெருவில் பையனுக்காக இருபது நிமிஷம் இறங்கி நடங்க, அவ்வளவுதான்.

மிச்சம் இருக்கிற நேரத்தை லாவெண்டர் குழிக்குக் கொடுங்க. பழைய பிஸ்பியைத் தாண்டி 80-ல் ஒரு நிமிஷம் ஓட்டினா சாலையோரத்திலேயே பார்வையிடம், காசு கிடையாது, படி கிடையாது. சுமார் 900 அடி ஆழம், 300 ஏக்கர். 1950-களில் திறந்து 1974-ல் நிறுத்தின திறந்தவெளிச் சுரங்கம். ஹாரிசன் லாவெண்டர்ங்கிற சுரங்க மேலாளர் பேர்தான் வெச்சிருக்காங்க, பூவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் குழி இருக்கிற இடத்துல முன்னாடி மலையும் குடியிருப்புகளும் இருந்தது. லோவெல்ங்கிற ஊரின் பெரும்பகுதியையும் இந்தக் குழி தின்னுடுச்சு. மிஞ்சினது குழிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஈரி ஸ்ட்ரீட். 1950-கள்ல கடிகாரம் நின்ன மாதிரி பழைய கார்கள், பழைய பெயர்ப்பலகைகளை அப்படியே வெச்சிருக்காங்க. முழுக்க சமதரை. அப்பாவுக்கு மெயின் ஸ்ட்ரீட்டைவிட இதுதான் ஒத்துவரும்.

---

சாண்ட்லர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. தேதியை அதற்கு முந்தைய வார வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். 10:30 மணிச் சுற்றுக்கு முன்பதிவும் செய்தாயிற்று: நான், அப்பா, அம்மா, பையன். மனைவி சின்னவளோடு வெளியே இருப்பாள். மூன்று சின்ன சந்தேகங்கள். சுரங்கத்துக்குள் பையனுக்கு எதைக் காட்டவேண்டும்? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நினைவாக நீலக்கல் (டர்க்காய்ஸ்) வாங்கலாமா?

---

தாமிரமலை:

பையனுக்கு மூணு விஷயம் காட்டுங்க.

ஒண்ணு, வெடி வைக்கிற பாறைமுகம். பாறையில வரிசையா துளை போட்டிருக்கும். எல்லாம் ஒரே நேரத்துல வெடிக்கிறதில்லைன்னு சொல்லுங்க. நடுத்துளைகள் முதல்ல வெடிச்சு ஒரு பள்ளம் பண்ணும், சுத்தி இருக்கிறது அடுத்தடுத்து அந்தப் பள்ளத்துக்குள்ள உடைஞ்சு விழும், தரையை ஒட்டின கீழ்வரிசை கடைசி. கீழ்வரிசை கடைசியா வெடிச்சாத்தான் விழுந்து கிடக்கிற கல்லைத் தூக்கிப் பிரிச்சுப் போடும், வாரி எடுக்கச் சுலபம். நடுவுல பள்ளம் விழலைன்னா மத்த வெடிக்குப் போக்கிடம் இல்லாம, பாறை உடையாம மருந்து வீணாகும். வழிகாட்டி திரியை எப்படி வரிசைப்படுத்துவாங்கன்னு காட்டும்போது முன்னாடி நிக்க வையுங்க.

ரெண்டாவது, தண்டவாளத்துல ஓடுற கழிப்பறை வண்டி. சின்ன இரும்பு வண்டி மேல ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ற இருக்கை. ஏழு வயசுப் பிள்ளைக்கு மொத்தச் சுரங்கத்துலயும் அதுதான் மனசுல நிக்கும். ஆனா எட்டு மணி நேரம் வெளிச்சம் பார்க்காம வேலை செஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதின்னும் சேர்த்துச் சொல்லுங்க.

மூணாவது, சுவர்ல பச்சை, நீலக் கறை. பச்சை மாலகைட், நீலம் அசுரைட், ரெண்டும் தாமிரக் கனிமம். தலைவிளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் நிறம் தெரியும், நேரா அடிச்சா வெளுத்துப்போகும். இந்த ஊர்லருந்து எடுத்தது எட்டு பில்லியன் பவுண்டு தாமிரம். நிலத்தடியில 2,000 மைலுக்கு மேல குடைஞ்சிருக்காங்க. நிலத்தடி வேலை 1975-ல் நின்னுடுச்சு.

நம்ம பக்கம் கோலார் தங்கவயல் 2001-ல் மூடினது. அங்கே தங்கம் பிரிச்ச சயனைடு கழிவு மேட்டைப் பார்க்கலாம், ஆனா குழிக்குள்ள இறங்க வழியில்லை. வேலூர், ஆற்காட்டுப் பக்கத்துலருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா இறங்கின சுரங்கம் அது. அந்தப் பக்கத்து உறவு உங்க அப்பா அம்மாவுக்கு இருந்தா, பிஸ்பி சுரங்கத்துக்குள்ள உட்கார்ந்து அவங்க சொல்ற கதையையும் பையன் கேட்கட்டும்.

வெளியே காத்திருக்கிறவங்களுக்கு: சுற்றுலாக் கட்டடத்தைச் சுத்திப் பழைய தாது வண்டிகளும் இயந்திரங்களும் நிறுத்தி வெச்சிருக்காங்க. குழந்தைக்கு அரை மணி நேரம் ஓடிடும். மிச்ச நேரத்துக்கு நூலகத்துக்குப் போகலாம்.

---

செங்கல்சுவர்:

சாப்பாடு: வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மேல் போனால் மெயின் ஸ்ட்ரீட் உணவகங்களில் காத்திருக்க நேரிடும். சுரங்கம் முடிந்து 11:45-க்கு நேராகச் சாப்பிடப் போங்கள், அருங்காட்சியகம் அதற்குப் பிறகு. மெக்சிகோ உணவு சைவத்துக்கு வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு இடத்தில் கவனம் தேவை. மசித்த பீன்ஸில் பல சமையலறைகளில் பன்றிக்கொழுப்பு (லார்ட்) சேர்ப்பார்கள், சிவப்புச் சோற்றைக் கோழிச்சாறில் வேகவைப்பார்கள். "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் துண்டு இல்லாமல் தருவார்களே தவிர இவை இரண்டும் அப்படியே இருக்கும். "லார்ட் சேர்த்திருக்கிறதா, சோறு எதில் வேகவைத்தது" என்று தனித்தனியாகக் கேளுங்கள். முட்டை சாப்பிடுவதால் ஆம்லெட் எப்போதும் பாதுகாப்பு. பெரியவர்களுக்குப் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வருவதுதான் நிம்மதி.

இன்னொன்று, வழியில் புழுதிப்புயல். அக்டோபரில் குறைவு என்றாலும் பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே ஐ-10-ல் வரக்கூடும். சாலையை விட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துங்கள். முகப்பு விளக்கு, அபாய விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் கண் தெரியாமல் வருபவர் அதைச் சாலை என்று நம்பி நேராக உங்கள் வண்டிமேல் ஏறுவார்.

---

கல்மணி:

நீலக்கல் பற்றி. "பிஸ்பி நீலம்" என்பது இங்கே தாமிரச் சுரங்கத்தில் உடன் கிடைத்த டர்க்காய்ஸ். லாவெண்டர் குழி மூடியதோடு பெருமளவு வரத்து நின்றுபோனது. அதனால் உண்மையான கல் விலை அதிகம். மலிவாகக் கிடைத்தால் ஒன்று வேறு ஊர்க் கல், அல்லது தூளைப் பிசினில் குழைத்து அழுத்தியது. கடைக்காரரிடம் மூன்றே கேள்வி: இயற்கைக் கல்லா, பிசின் ஊட்டி உறுதிப்படுத்தியதா, அழுத்திச் செய்ததா? பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்கவேண்டாம்.

பையனுக்கு அதைவிட நல்ல நினைவுப்பொருள், சின்ன அசுரைட்-மாலகைட் துண்டு. நீலமும் பச்சையும் ஒரே கல்லில் ஒட்டியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஆனால் எங்கிருந்து வந்த கல் என்று கேளுங்கள், உலகின் வேறு சுரங்கக் கற்களும் அதே தட்டில்தான் கிடக்கும். வேலி தாண்டி நீங்களே பொறுக்கப் போகாதீர்கள். சுரங்க நிலம் தனியார் சொத்து. அதோடு மலையில் பழைய குழிகளின் வாயை மூடிய மரங்கள் உளுத்துப் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்தபின் ஒன்றே ஒன்று. அந்தக் கல் மென்மையானது, சாவிக்கொத்தோடு போட்டால் கீறும். அழுக்காக இருக்கிறதே என்று பாட்டி செம்புப் பாத்திரம் தேய்ப்பதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. அசுரைட், மாலகைட் இரண்டுமே தாமிரக் கார்பனேட். புளிப்புப் பட்டால் நுரைத்து, பளபளப்பு போய், மேல்தோல் கரைந்துவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். சின்னவள் வாயில் வைக்காத உயரத்தில் வையுங்கள்.